ரயில்வே கேட் போய் மேம்பாலம் வந்தால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னைப் புறநகரில் ஒரு ரயில்வே கேட்டுக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறேன். எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் மனு எழுதுவது, வரைபடம் கேட்டு வாங்குவது, கூட்டத்துக்குப் போவது எல்லாம் பல வருடமாக என் பொறுப்பு. கேட்டை எடுத்துவிட்டு மேம்பாலம் கட்டப்போகிறார்கள் என்ற பேச்சு எழுந்த நாளிலிருந்து டீக்கடையிலும் வாட்ஸ்அப்பிலும் மாடிப்படியில் நிறுத்தியும் ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். கேட்டவர்கள் கேட்ட வாக்கிலேயே இங்கே போட்டு, எனக்கு உறுதியாகத் தெரிந்ததை மட்டும் பதிலாக எழுதியிருக்கிறேன்.

1. ரயில் கண்ணுக்கே தெரியாது, அதுக்குள்ள ஏன் கேட்டை மூடிடுறாங்க? கேட் கீப்பருக்கு அவசரமா?

கேட் கீப்பர் நினைத்த நேரத்தில் மூடுவதில்லை, பாவம் அவரைத் திட்டாதீர்கள். நகரத்துக்குள் இருக்கும் பெரும்பாலான கேட்டுகள் சிக்னலோடு பூட்டப்பட்டவை. இதை இன்டர்லாக் என்கிறார்கள். கேட் முழுதாக இறங்கிப் பூட்டு விழுந்தால்தான் ரயிலுக்குப் பச்சை விழும். வேகமாக வரும் ரயில் பிரேக் போட்டு நிற்க ஒரு கிலோமீட்டர் அளவுக்குக்கூடத் தூரம் வேண்டும் என்பதால், டிரைவருக்கு அந்தப் பச்சை வெகு முன்னாலேயே தெரிந்தாக வேண்டும். அதனால்தான் ரயில் கண்ணுக்குத் தெரிவதற்குப் பல நிமிடம் முன்பே கேட் இறங்கிவிடுகிறது.

புறநகர் லைனில் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. கேட்டை ஒட்டியே ஸ்டேஷன் இருந்தால், மின்சார ரயில் பிளாட்பாரத்தில் ஆள் ஏற்றி இறக்கும் நேரமும் உங்கள் காத்திருப்பில்தான் சேரும். அது போனதும் திறப்பார்கள் என்று வண்டியை ஸ்டார்ட் செய்தால், எதிர்த்திசையில் ஒன்று, அப்புறம் பக்கத்து லைனில் ஒரு எக்ஸ்பிரஸ். நான்கு லைன் ஓடும் இடத்தில் இரண்டு ரயிலுக்கு நடுவே கேட்டைத் திறந்து மூட இடைவெளியே கிடைப்பதில்லை.

2. இத்தனை வருஷம் கேட்டை வச்சே ஓட்டிட்டோம். இப்ப எதுக்கு பாலம்?

கேட் வைத்த காலத்தில் அந்த வழியாகப் போனது சில ரயில்களும் சில மாட்டு வண்டிகளும். இன்று ரயிலும் கூடிவிட்டது, வண்டியும் கூடிவிட்டது. கோடம்பாக்கத்தில் 1960-களிலேயே கேட்டுக்குப் பதிலாகப் பாலம் கட்டிவிட்டார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள்.

பாதுகாப்புதான் இதைவிடப் பெரிய காரணம். ஆளில்லாத கேட்டுகளை அகல ரயில் பாதைகளில் 2019 ஜனவரியோடு ஒழித்துவிட்டார்கள், அது நல்ல காரியம். ஆனால் ஆள் இருந்தும் விபத்து நடக்கிறது. 2025 ஜூலை 8 காலையில் கடலூர் பக்கம் செம்மங்குப்பம் கேட்டில் பள்ளி வேன் மீது ரயில் மோதி மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அது ஆள் இருந்த கேட், ஆனால் இன்டர்லாக் இல்லாத கேட். அதாவது, கேட் திறந்திருந்தாலும் ரயிலுக்குச் சிக்னல் கிடைத்துவிடும். அதற்குப் பிறகுதான் இன்டர்லாக் செய்வதற்கான வரம்பை 20,000 டி.வி.யு.விலிருந்து 10,000 ஆகக் குறைத்தார்கள் (டி.வி.யு. என்றால் என்ன என்று நான்காம் பதிலில் பார்ப்போம்).

3. அப்ப எல்லா கேட்டையும் இன்டர்லாக் பண்ணிட்டா போதுமே?

ரயில் வண்டி மீது மோதாமல் இருக்க அது பெரிய உதவி, செய்தே ஆக வேண்டும். ஆனால் முதல் பதிலில் சொன்ன காத்திருப்பு அதனால் கூடும், குறையாது. காத்திருப்பு கூடக் கூட, குனிந்து நுழைகிறவர்களும் கூடுவார்கள். காலை எட்டே முக்காலுக்கு எங்கள் கேட்டில் நின்று பார்த்தால் தெரியும். பைக்கை ஒருக்களித்துச் சாய்த்து ஹேண்டிலை முதலில் தடுப்புக்கு அடியில் விட்டு, பின்னால் உட்கார்ந்திருந்தவர் இறங்கித் தள்ள, நடுத் தண்டவாளத்தில் சைலன்சர் இடித்து நிற்கும். அந்த வண்டி நின்ற இடத்தில் அடுத்த ரயில் வர எவ்வளவு நேரம் என்று யாருக்கும் தெரியாது.

4. எங்க கேட்டுல தினம் சாகுறோம், பாலம் வரல. அங்க வெறும் ரோடு, அங்க வந்துடுச்சு. யாரு முடிவு பண்றாங்க?

அரசியல் கொஞ்சம் இருக்கும், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அடிப்படையில் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு நாளில் அந்தக் கேட்டைக் கடக்கும் ரயில்களின் எண்ணிக்கையையும் சாலை வண்டிகளின் எண்ணிக்கையையும் பெருக்கினால் வருவதுதான் டி.வி.யு. (டிரெயின் வெஹிக்கிள் யூனிட்). உதாரணமாக 120 ரயில், 900 வண்டி என்றால் 1,08,000. ரயில்வேயும் மாநில அரசும் செலவைப் பகிர்ந்து பாலம் கட்ட நெடுங்காலமாக ஒரு லட்சம்தான் அளவுகோல். தேசிய நெடுஞ்சாலைகளில் இருக்கும் கேட்டுகளுக்கு 2016-ல் ஆரம்பித்த சேது பாரதம் திட்டம் தனி, அதனால்தான் ஊருக்கு வெளியே நெடுஞ்சாலையில் பாலம் சீக்கிரம் வந்துவிடுகிறது.

இந்தக் கணக்கில் என்னை உறுத்துவது ஒன்றுதான். பெயரிலேயே ரயிலும் வண்டியும்தான் இருக்கின்றன, நடந்து போகிறவர் இல்லை. கீரைக்கூடையோடு கடக்கும் அம்மா ஒரு நாளைக்கு நான்கு முறை கடந்தாலும் அந்தப் பெருக்கலில் வரமாட்டார். பின்னால் வரும் பல பிரச்சினைக்கு இங்கேதான் வேர் என்று நினைக்கிறேன். பன்னிரண்டாம் பதிலில் இதற்குத் திரும்பி வருகிறேன்.

5. செலவு ரயில்வே தருமா, ஸ்டேட் தருமா? கட்டுறது யாரு?

வழக்கமான ஏற்பாடு பாதிக்குப் பாதி. தண்டவாளத்துக்கு நேர் மேலே வரும் பகுதியை ரயில்வே கட்டும், இரண்டு பக்கமும் ஏறி இறங்கும் பகுதியை மாநில நெடுஞ்சாலைத் துறையோ மாநகராட்சியோ கட்டும். முழுப் பாலத்தையும் ஒருவரே கட்டும் ஏற்பாடும் உண்டு. எதுவானாலும் ஜி.ஏ.டி. என்று சொல்லப்படும் மொத்த வரைபடத்துக்கு இரண்டு தரப்பும் ஒப்புதல் தர வேண்டும். எந்தத் தூண் எங்கே, எவ்வளவு அகலம், படிக்கட்டு உண்டா, எல்லாம் அந்தத் தாளில்தான் இருக்கிறது. அந்தப் பெயரை மறக்காதீர்கள், கடைசியில் தேவைப்படும்.

6. தண்டவாளத்தை எட்டு தப்படியில தாண்டிடலாம். அதுக்கு அரை கிலோமீட்டர் பாலமா?

உயரம்தான் காரணம். மின்கம்பிக்கு மேலே இடம் விட வேண்டும் என்பதால் தண்டவாளத்திலிருந்து பாலத்தின் அடிப்பகுதி வரை சுமார் ஆறரை மீட்டர் விடுகிறார்கள். அதற்கு மேல் கர்டரும் (பாலத்தைத் தாங்கும் உத்திரம்) தளமும் சேர்த்து இரண்டு மீட்டர் என்று வையுங்கள். ஆக, சாலை எட்டரை மீட்டர் ஏற வேண்டும். லோடு லாரியும் பஸ்ஸும் திணறாமல் ஏற, முப்பது மீட்டருக்கு ஒரு மீட்டர் என்ற சரிவில் போனால் ஒரு பக்கத்துக்கு மட்டும் 255 மீட்டர். உச்சியிலும் அடியிலும் வளைவாகச் சேர்க்க இன்னும் கொஞ்சம். இரண்டு பக்கமும் கூட்டினால் அரை கிலோமீட்டரைத் தாண்டிவிடும்.

இந்தக் கணக்கை நம் தெருவில் நடந்து பார்த்தால்தான் உறைக்கும். கேட்டில் ஆரம்பித்து 250 மீட்டர் நடந்து பாருங்கள், எத்தனை குறுக்குத் தெரு வருகிறது என்று எண்ணுங்கள். அத்தனை தெரு வாசலும் சுவரையோ தூணையோ பார்த்தபடி நிற்கப்போகின்றன.

7. சுரங்கப்பாதை போட்டா செலவும் கம்மி, இடமும் கம்மி. ஏன் போடல?

கார், பைக், நடையர் போகுமளவுக்குத் தோண்டினால் போதும் என்றால் மூன்றரை, நான்கு மீட்டர் உயரம் போதும். பாலத்துக்கு ஆகும் ஏற்றத்தைவிட இறக்கம் குறைவு. ரயிலை நிறுத்தாமலேயே கான்கிரீட் பெட்டிகளை ஜாக்கி வைத்துத் தண்டவாளத்துக்கு அடியில் தள்ளிவிடுகிறார்கள், மேலே ரயில் வேகம் குறைத்து ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் அந்த உயரத்தில் லாரி, பஸ் போகாது.

பெரிய எதிரி தண்ணீர். சுரங்கப்பாதை என்பது சுற்றியிருக்கும் தெருக்கள் எல்லாவற்றையும்விடத் தாழ்ந்த பள்ளம், மழை நீர் அங்கேதான் வரும். வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதையையும் தி.நகர் துரைசாமி சுரங்கப்பாதையையும் மழைக்காலத்தில் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். 2021 செப்டம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் துடையூரில் ரயில்வே சுரங்கப்பாதையில் தேங்கிய தண்ணீரில் கார் சிக்கி ஒரு மருத்துவர் உயிரிழந்தார். மோட்டார் வைத்து இறைப்போம் என்பார்கள், ஆனால் மழை அடிக்கும்போதுதான் கரண்டும் போகும். அதனால் சுரங்கப்பாதை கேட்கிறவர்கள் முதலில் கேட்க வேண்டியது, இறைக்கிற தண்ணீரை எந்தக் கால்வாயில் விடப்போகிறீர்கள், அந்தக் கால்வாய் மட்டம் என்ன என்பதைத்தான். அதற்குப் பதில் இருந்தால் சுரங்கப்பாதை நல்ல தீர்வு, குறிப்பாக நடந்து போகிறவர்களுக்கு.

8. ரோட்டைத் தூக்குறதுக்கு பதிலா ரயிலைத் தூக்கிட்டா? ஒரே தடவையில எல்லா கேட்டும் போயிடுமே?

நல்ல கேள்வி, சிரித்து ஒதுக்க வேண்டியதில்லை. ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் 2015 முதல் அதைத்தான் பல இடங்களில் செய்கிறார்கள். 2030-க்குள் 110 கேட்டுகளை எடுப்பது அவர்கள் இலக்கு. அதில் பல இடங்களில் ரயிலை மேலே தூக்கி, கீழே நடைபாதையும் பூங்காவும் போட்டிருக்கிறார்கள். நம் ஊர்ப் பறக்கும் ரயிலும் மயிலாப்பூர் பக்கம் மேலேயே போவதால் அங்கே கேட் என்ற பேச்சே இல்லை.

ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் லைனைத் தூக்குவது வேறு வேலை. சாலை முப்பதுக்கு ஒன்று ஏறும், ரயில் அப்படி ஏறாது. 150-க்கு ஒன்று என்று வைத்தால் அதே எட்டரை மீட்டருக்கு ஒரு பக்கம் மட்டும் ஒன்றேகால் கிலோமீட்டர் ஆகும். ஸ்டேஷன் இருக்கும் இடம் கிட்டத்தட்ட சமமாக இருக்க வேண்டும். அடுத்தடுத்து நாலைந்து கேட்டுகள் நெருங்கி இருக்கிற இடத்தில் இது யோசிக்க வேண்டிய வழி, ஒற்றைக் கேட்டுக்குக் கட்டுப்படியாகாது.

9. வீட்டுக்கு நோட்டீஸ் வந்திருக்கு, முன் பக்கம் போகுதாம். கோர்ட்டுக்குப் போகலாமா?

முதலில் நோட்டீஸில் எந்தப் பிரிவு என்று பாருங்கள். மாநில நெடுஞ்சாலைத் துறை எடுத்தால் பெரும்பாலும் 2001-ம் ஆண்டுத் தமிழ்நாடு நெடுஞ்சாலைச் சட்டத்தின் 15(2) நோட்டீஸாக இருக்கும். “ஏன் எடுக்கக்கூடாது, சொல்லுங்கள்” என்று உங்களைக் கேட்கும் நோட்டீஸ் அது. நிலம் எடுத்தாகிவிட்டது என்று நினைத்துப் பீரோவில் வைத்துவிடாதீர்கள். அதில் குறிப்பிட்ட நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் கொடுத்து, நேரில் விசாரணைக்குப் போக வேண்டும். சர்வே எண், எத்தனை சதுர மீட்டர், எந்தக் கட்டடம் என்பதில் தப்பு இருந்தால் அங்கேயே எழுதிக் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள்.

எங்கள் தெருவில் ஒருவருக்குப் படிக்கட்டு மட்டும் போகிறது என்று அளந்திருந்தார்கள். படிக்கட்டு போனால் மாடிக்கே வழி இல்லை என்பதை அவர் போட்டோவோடு எழுதிக் கொடுத்த பிறகுதான் மறுபடி வந்து அளந்தார்கள். இழப்பீட்டுத் தொகை சரியில்லை என்பது தனிச் சண்டை, அதற்கு வக்கீல் வேண்டும். ஆட்சேபம் சொல்லும் நாளைத் தவறவிட்டால் வக்கீலுக்கும் கஷ்டம்.

10. பாலம் பாதியில அந்தரத்துல தொங்குதே, ஊழலா?

எல்லா இடத்திலும் அப்படிச் சொல்ல முடியாது. ஐந்தாம் பதிலில் சொன்னபடி ஒரே பாலத்தை இரண்டு பேர் கட்டினால், ஒருவர் டெண்டர் முடித்துத் தூண் ஏற்றியபோது இன்னொருவர் வரைபட ஒப்புதலில் நிற்பார். ரயில்வே பகுதியில் கர்டர் வைக்க ரயில் பாதுகாப்பு ஆணையரின் அனுமதியும், ரயிலையும் மின்சாரத்தையும் நிறுத்தி ராத்திரியில் கொடுக்கும் சில மணி நேர லைன் பிளாக்கும் வேண்டும். அதைத் தவறவிட்டால் அடுத்த பிளாக் வரை காத்திருப்புதான்.

பெரும்பாலும் மாட்டிக்கொள்வது நிலத்தில். திருச்சி ஜங்ஷன் அரிஸ்டோ மேம்பாலத்தைப் பாருங்கள். மற்ற கைகள் திறந்தும், சென்னைப் பக்கம் போகும் கை மட்டும் ராணுவ நிலத்தில் ஒரு ஏக்கர்கூட இல்லாத துண்டுக்காக வருடக்கணக்கில் அந்தரத்தில் நின்று 2023-ல்தான் முடிந்தது. நிலத்தைக் கையில் வாங்காமல் தூணை ஆரம்பிக்கக்கூடாது என்று நான் எல்லாக் கூட்டத்திலும் சொல்வது இதனால்தான்.

11. பாலத்துக்குக் கீழ போயிடுற கடைக்காரங்க கதி?

மோசம்தான், மறைத்துப் பேச ஒன்றுமில்லை. கேட்டில் நிற்கிற கூட்டத்தை நம்பி டீக்கடை, பூக்கடை, பஞ்சர் கடை என்று ஒரு சந்தையே இருக்கும், பாலம் திறந்த அன்றே அந்தக் கூட்டம் தலைக்கு மேலே போய்விடும். பட்டா இருப்பவருக்கு இழப்பீடு, வாடகைக்கு இருப்பவருக்கும் தள்ளுவண்டிக்காரருக்கும் பெரும்பாலும் ஒன்றுமில்லை. சர்வீஸ் ரோடு அகலமாக, இரண்டு பக்கமும் போக வர இருந்தால் பாதிக் கடையாவது பிழைக்கும். மண் நிரப்பிய சுவருக்குப் பதில் முடிந்தவரை தூண் வைத்துக் கட்டச் சொல்லுங்கள். செலவு கூடும், ஆனால் ஊர் இரண்டாகப் பிரியாது.

12. பாலம் திறந்ததும் கேட்டை நிரந்தரமா மூடிடுவாங்களாமே? நடந்து போறவங்க எப்படிப் போறது?

ஆமாம், மூடிவிடுவார்கள். பாலமே கேட்டை எடுப்பதற்காகத்தான். தண்டவாளத்தின் இரண்டு பக்கமும் சுவர் எழும்பும்.

இனி நடக்கிறவர் பக்கமிருந்து பாருங்கள். நேற்றுவரை அந்தப் பக்கத்து ரேஷன் கடைக்கு இருபது அடி நடந்தவர், பாலத்தின் வழியாகப் போனால் ஆறாம் பதிலில் போட்ட கணக்குப்படி அரை கிலோமீட்டருக்கு மேல் நடக்க வேண்டும், அதுவும் பல பாலங்களில் நடைபாதை ஒருவர் பக்கவாட்டில் போகிற அகலம்தான். சரி, இரும்பு நடைமேம்பாலம் கொடுக்கிறோம் என்பார்கள். அதே ஆறரை மீட்டர் அதற்கும் உண்டு, ஒரு படி பதினைந்து சென்டிமீட்டர் என்றால் ஏற நாற்பத்து மூன்று படி, இறங்க நாற்பத்து மூன்று படி. முட்டிவலிக்கார அம்மா அதில் ஏறமாட்டார், சுவர் உடைந்த இடம் தேடிப் போய்த் தண்டவாளத்தில் இறங்குவார். கேட் இருந்தவரை அவரைத் தடுக்க ஒரு கேட் கீப்பராவது இருந்தார், விசில் ஊதுவார், கையைப் பிடித்து நிறுத்துவார். இப்போது யாரும் இல்லை.

நடையர் சுரங்கப்பாதைக்கு இரண்டரை மீட்டர் உயரம் போதும். மேல் கூரையும் மண்ணும் சேர்த்து நான்கு மீட்டருக்குள் அடங்கும், இருபத்தைந்து படிக்குக் கொஞ்சம் கூட. சரிவுப் பாதையும் போட்டுவிட்டால் சைக்கிளையும் சக்கர நாற்காலியையும் தள்ளிக்கொண்டு போகலாம். தண்ணீர்ப் பிரச்சினை இதற்கும் உண்டு, ஆனால் பள்ளம் சிறியது, சமாளிக்கலாம். எங்கள் சங்கம் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: நடக்கிற வழி திறந்த பிறகு கேட்டை மூடுங்கள். ஒரு கூட்டத்தில் இதைக் கேட்டபோது, “அது அடுத்த கட்டம்” என்று பதில் வந்தது. அடுத்த கட்டம் வரும்வரை அந்த அம்மா எந்த வழியாகப் போவார் என்று கேட்டேன், பதில் வரவில்லை.

13. ஸ்கூல் பையன் சைக்கிள்ல மேம்பாலம் ஏறலாமா?

சட்டப்படி தடை போர்டு இல்லாத பாலத்தில் ஏறலாம். ஆனால் முப்பதுக்கு ஒன்று சரிவில் 255 மீட்டர் மிதித்து ஏறும் பையன் பாதியில் மூச்சு வாங்கித் தள்ளாடுவான், பின்னால் தண்ணீர் லாரி வரும். என் பிள்ளையை நான் அனுப்பமாட்டேன்.

இதற்கு நம் மாநிலத்திலேயே பழைய பதில் ஒன்று இருக்கிறது. திருநெல்வேலி ஜங்ஷனில் 1970-களின் தொடக்கத்தில் வந்த திருவள்ளுவர் ஈரடுக்கு மேம்பாலத்தில் பஸ், கார் மேல் தளத்தில் போக, சைக்கிளும் இரு சக்கர வண்டிகளும் கீழ்த் தளத்தில் போகின்றன. மெதுவாகப் போகிறவருக்குத் தனி வழி என்பதை ஐம்பது வருடம் முன்பே யோசித்துக் கட்டியிருக்கிறார்கள்.

14. மூடின கேட்டுக்கு அடியில குனிஞ்சு போனா கேஸ் போடுவாங்களா?

போடலாம். 1989-ம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147-ம் பிரிவில் அத்துமீறி நுழைந்தால் ஆறு மாதம் வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மூடிய கேட்டை நீங்களே திறந்தால் 160-ம் பிரிவில் மூன்று வருடம் வரை, உடைத்தால் ஐந்து வருடம் வரை. கேட் கீப்பரை மிரட்டித் திறக்கச் சொல்கிறவர்களும் இதைப் படியுங்கள்.

15. பாலம் கட்டியும் டிராஃபிக் அப்படியே இருக்கே, என்ன பிரயோஜனம்?

பாலம் இறங்குகிற இடத்தைப் போய்ப் பாருங்கள். கேட்டில் நின்ற வரிசை இப்போது பாலத்தின் அடியில் இருக்கிற சிக்னலில் நிற்கும். கேட் மூடித் திறந்தால் வண்டிகள் விட்டுவிட்டு வரும், பாலம் வந்ததும் இடைவிடாமல் வரும், அடுத்த சந்திப்பு அதைத் தாங்க வேண்டும். பாலத்தின் வாயிலேயே பஸ் ஸ்டாப்பும் ஷேர் ஆட்டோ நிறுத்தமும் இருந்தால் கேட்கவே வேண்டாம். பாலத்தைக் குறை சொல்வதற்கு முன் நிறுத்தத்தை நூறு மீட்டர் தள்ளி வைத்துப் பார்க்கலாம், காசு செலவில்லாத வேலை.

ஆனால் ஆம்புலன்ஸ் விஷயத்தில் லாபம் உடனே தெரியும். மூடிய கேட்டின் முன் சைரனோடு நிற்கும் வண்டியைப் பார்த்திருக்கிறேன், சுற்றியிருந்த அத்தனை பேரும் ஒதுங்கி வழி விட்டும் அது நகர முடியவில்லை. அதற்காகவே நான் பாலம் வேண்டும் என்கிற கட்சி.

16. கருத்துக் கேட்புக் கூட்டம் வச்சிருக்காங்க. போய் என்னத்தக் கேக்கிறது?

ஜி.ஏ.டி. வரைபடத்தை மேசையில் விரிக்கச் சொல்லுங்கள். திரையில் காட்டினால் தூரத்திலிருந்து ஒன்றும் தெரியாது. உங்கள் தெருவைக் கண்டுபிடித்து விரல் வையுங்கள், அங்கிருந்து தண்டவாளத்தின் மறுபக்கத்துக்கு நடந்து போகிற கோட்டை விரலாலேயே இழுத்துக் காட்டச் சொல்லுங்கள். கோடு இருந்தால் எத்தனை படி, சரிவு உண்டா, விளக்கு உண்டா என்று கேளுங்கள். கோடு இல்லையென்றால் அதை அங்கேயே கூட்டக் குறிப்பில் எழுதவைத்து, நகல் வாங்கிக்கொண்டு எழுந்திருங்கள்.